அப்பாட வீல்செயார் இன்னொரு வீட்டுக்குப் போகட்டும்

எங்கட அப்பாக்கு பார்கின்சன் எண்ட நடுக்க வருத்தம், அம்மாக்கு பாரிசவாதம். ரெண்டு பேரும் போன பிறகு மட்டக்களப்பு வீட்டில ஒரு வீல்செயார், ஒரு வோக்கர், படுக்கைப் புண் வராம இருக்கப் போடுற ஒரு காத்து மெத்தை மிஞ்சிக் கிடந்திச்சு, இதே மாதிரி வருத்தக்காரர் இருக்கிற வீடுகளுக்கு அப்பா அம்மாட நினைவா உதவுறத அதில இருந்துதான் சகோதரங்கள் நாங்க நாலு பேரும் தொடங்கினோம். நீங்களும் செய்ய நினைச்சா எங்களுக்குப் பிடிபட்டதச் சொல்றன்.

முதல்ல காசு. திவசத்துக்குச் செலவழிக்கிறதில ஒரு பங்க ஒதுக்குங்க, வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் மாசம் மாசம் சின்னத் தொகை போட்டாலே காணும். ரெண்டு பேர்ட கையெழுத்து வேணும் எண்டு தனி எக்கவுண்ட் ஒண்டு திறங்க, ஒரு கொப்பியில வரவு செலவெல்லாம் எழுதி வைங்க, சகோதரங்களுக்குள்ள மனக்கசப்பு வாறது பெரும்பாலும் இந்த இடத்திலதான்.

சாமான இனாமாக் குடுக்காதீங்க, இரவலாக் குடுங்க. இண்டைக்கு வோக்கரோட நடக்கிறவருக்கு மறுகா வீல்செயார் வேணும், அதுக்குப் பிறகு மெத்தை வேணும், பழையது திரும்பி வந்தா கழுவித் துடைச்சு அடுத்த வீட்டுக்கு அனுப்பலாம். காத்து மெத்தைக்கு கரண்ட் வேணும், அதையும் சொல்லிக் குடுங்க, மெத்தை இருந்தாலும் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆளத் திருப்பிப் படுக்க வைக்கத்தான் வேணும்.

ஆசுபத்திரியில நோயாளிட பேர் கேக்காதீங்க, அவங்க தரவும் கூடா. உங்கட நம்பர கிளினிக் நேர்ஸ்மாரிட்டயும் பிசியோதெரபி ஆக்களிட்டயும் குடுத்திட்டு வாங்க, தேவையானவங்களே எடுப்பாங்க. வாவிக்கு அங்கால இருக்கிற படுவான்கரைப் பக்கத்தையும் மறக்காதீங்க, 2014ல மண்முனைப் பாலம் திறந்தும் நடக்க ஏலாத ஆளக் கூட்டிட்டு டவுனுக்கு வாறதுக்கு ஆட்டோக் காசே பெரிய செலவு, அதக் குடுத்தாலே பெரிய உதவி.

அப்பாட மிச்சக் குளிசைய மட்டும் ஆருக்கும் குடுத்திராதீங்க. பார்கின்சனுக்குக் குடுக்கிற லெவோடோபா மருந்து ஆளுக்கு ஆள் அளவும் நேரமும் வேற, டொக்டர்ட துண்டக் கொண்டு போய் நீங்களே பார்மசியில காசக் கட்டுங்க. போட்டோவும் எடுக்காதீங்க, கை நடுங்கிறதயும் எச்சில் வடியிறதயும் ஊர் பாக்கிறது அந்த மனுசருக்கு எவ்வளவு வேதனை எண்டு நாங்க பாத்திருக்கோம்.

கடைசியா, பராமரிக்கிற ஆளப் பாருங்க. நம்மட பக்கம் வீடு பொம்புளப்புள்ளைக்குத்தானே, அதால தாய் தகப்பனப் பாக்கிறதும் அவட தலையிலதான் விழும். எங்கட அக்கா ஆறு வருசமா மாமாங்கக் கோயில் திருவிழாக்கே போகல்ல. ஊரில நம்பிக்கையான ஒராளுக்குக் கூலி குடுத்து, கிழமைக்கு ஒரு காலை நேரம் அந்த வீட்டில இருக்கச் சொல்லுங்க, மகள் குளிச்சு முழுகி கோயிலுக்கோ சந்தைக்கோ போய் வரட்டும்.