எட்சிடி கிளஸ்டர்: சான்றிதழில் விடுபட்ட ஒரு சொல்

எட்சிடி (etcd) என்பது பல சர்வர்களில் ஒரே தரவை ஒத்திசைவாக வைத்திருக்கும் தரவுத்தளம். மூன்று சர்வர்கள் கொண்ட எட்சிடி கிளஸ்டரில் (கூட்டமைப்பில்), 2380 போர்ட் வழியே அவை தங்களுக்குள் பேசுவதை, சான்றிதழால் அடையாளம் காட்டி மறையாக்கத்துடன் பேசும் முறையான டிஎல்எஸ்ஸுக்கு மாற்றினேன். மறுதொடக்கம் செய்ததும் ஒன்றோடொன்று சேர மறுத்தன. ஐபி முகவரி, ஃபயர்வால், கடிகாரம் என்று நள்ளிரவு வரை துருவினேன், எதிலும் குறையில்லை.

லாக்கை (சர்வரின் நிகழ்வுப் பதிவை) நிதானமாகப் படித்தபோதுதான், சான்றிதழின் சாவிப் பயன்பாடு, அதாவது அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற குறிப்பு, பொருந்தவில்லை என்ற வரி கண்ணில் பட்டது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவி கொண்டு சான்றிதழை விரித்துப் பார்த்தேன். பயன்பாட்டுப் பகுதியில் 'சர்வர்' மட்டுமே இருந்தது. எட்சிடியில் ஒவ்வொரு சர்வரும் அழைப்பை ஏற்கும்போது சர்வர். மற்றதை அழைக்கும்போது கிளையண்ட். ஆகவே சான்றிதழில் இரண்டும் வேண்டும்.

அழைப்பவரின் சான்றிதழைச் சோதிக்கும் கிளையண்ட் சரிபார்ப்பையே அணைத்துவிடலாம் என்றார் நண்பர். அதை நான் ஏற்கவில்லை. எதிர்முனையில் இருப்பது யாரென்று தெரியாமல் மறையாக்கம் செய்து என்ன பயன்?

இரண்டையும் சேர்த்துப் புதிய சான்றிதழ்கள் வழங்கினேன். சில நொடிகளில் மூன்றும் கூடித் தங்களில் ஒன்றைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டன.