துபாயில் முதல் மாதம்: கைக்காசும் ஊருக்கு அனுப்பும் காசும்

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கமிருந்து முதல் சபராக, அதாவது முதல் பயணமாக, வரும் தம்பிகளுக்கு இது.

முதல் சம்பளம் வந்து சேர ஒன்றரை மாதம்கூட ஆகலாம். அதுவரைக்குமான சோற்றுக்காசை ஊரிலேயே அமீரகக் காசான திர்ஹமாக மாற்றி எடுத்து வாருங்கள். ஏர்போர்ட் கவுண்டரில் மாற்றினால் ரேட்டில் அடிவிழும். இந்தியாவிலிருந்து ரூபாயாகக் கொண்டுவர 25,000தான் உச்சவரம்பு. ஊர் ஏடிஎம் கார்டு இங்கே தானாக வேலை செய்யாது. கிளம்புமுன் பேங்க் ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள். ஊர் சிம்மை ரோமிங்கோடு உயிரோடு வைத்திருங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். கடையில் கார்டு தேய்க்கும் மெஷின் "ரூபாயா, திர்ஹமா" என்று கேட்டால் திர்ஹம்தான். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்ததே ரேட்டு.

நம் பாட்டன்மார் காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. 1966 வரை துபாயில் ரூபாய்தான் ஓடியது. வளைகுடாவுக்கென்றே ரிசர்வ் வங்கி 1959-ல் தனி நோட்டு போட்டது. இப்போது திர்ஹம் டாலரோடு கட்டிப்போட்ட காசு: ஒரு டாலருக்கு 3.6725. ஆக ரேட்டு ஏறினால் திர்ஹம் ஏறிவிட்டது என்று பொருளில்லை, ரூபாய் இறங்கியிருக்கிறது. 10 பைசா கூடக் கிடைக்குமென்று ஊர் சுற்றாதீர்கள்; 1,000 திர்ஹமுக்கு அது 100 ரூபாய்தான், பஸ்ஸுக்கும் டீக்குமே போய்விடும். காசு அனுப்பும் எக்ஸ்சேஞ்ச் கடையில் ஒரே கேள்வி கேளுங்கள்: "கமிஷன் எல்லாம் போக ஊரில் எவ்வளவு விழும்?"

அனுப்பப் போகும்போது இங்குள்ள அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐடி கேட்பார்கள். அதைவிட முக்கியம் ஊர் பேங்க் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி நம்பர். நான் முதல் சம்பளத்தை உம்மாவின் பழைய பாஸ்புக்கைப் பார்த்து அனுப்பினேன். 2020-ல் பொதுத்துறை வங்கிகள் 10-ஐ 4-ஆக இணைத்ததில் பல கிளைகளின் நம்பர் மாறிப்போயிருந்தது, எங்கள் கிளையும் அதில் ஒன்று. காசு போய்த் திரும்பி வர 11 நாள். உம்மா தினமும் வெயிலில் பேங்குக்கு நடந்தார்கள். அங்கே ஒருவரும் காரணம் சொல்லவில்லை.

அந்த 11 நாளில்தான் ரூமில் ஒரு காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்) உண்டியலைக் காட்டினார்: பேங்க் வழியில்லாமல் ஆள் வைத்துக் காசு கொடுக்கும் ஹவாலா. காலையில் இங்கே கொடுத்தால் லுஹர் என்ற மதியத் தொழுகைக்குள் ஊரில் வீட்டுக்கதவைத் தட்டிக் கொடுத்துவிடுவார்களாம். உண்மைதான், தட்டுவார்கள். ஆனால் இந்தியச் சட்டப்படி அது குற்றம். ஏமாந்தால் போய்க் கேட்க ஒரு சீட்டுத்துண்டுகூடக் கையில் இருக்காது. நாளைக்கு வீடு வாங்கும்போது காசு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட எதுவுமிருக்காது. அன்று நான் கொடுக்காமல் தப்பியது புத்தியால் அல்ல, கையில் காசில்லாததால்.

வேலைக்கென்று வெளியேறியதும் பழைய சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவரின் ஊர் வரவுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். சம்பளம் அனுப்ப என்ஆர்இ கணக்கு தொடங்குங்கள்: வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை, வேண்டும்போது காசை இங்கே திரும்பவும் எடுக்கலாம். அதிலிருந்து ஊரில் வீடோ மனையோ வாங்கலாம். தென்னந்தோப்பு மட்டும் முடியாது. வெளிநாட்டில் இருக்கும்வரை விவசாய நிலம் விலைக்கு வாங்கத் தடை. வாரிசாக வந்தால் தடையில்லை. எனவே தோப்பு ஆசை இருந்தால், வாப்பா பெயரில் இருப்பதை விற்றுவிடாமல் இப்போதே சொல்லி வையுங்கள்.