மருந்து ஆய்வில் சேர்கிறீர்களா? இந்தச் சொற்களில் ஏமாறாதீர்கள்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, சர்க்கரை நோய்க்கான ஒரு மருந்து ஆய்வில் சேர்ந்திருந்தார். நடுவில் மூன்று நாள் நல்ல காய்ச்சல். ஆனால் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுத ஆஸ்பத்திரியில் கொடுத்த டைரியில் அந்த மூன்று நாளுக்கும் கோடு மட்டும் இழுத்திருந்தார். "காய்ச்சலுக்கும் இந்த மாத்திரைக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார்.

'அட்வர்ஸ் ஈவென்ட்' என்றால் பக்கவிளைவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆய்வு நடக்கும்போது உடம்புக்கு என்ன கெடுதல் வந்தாலும் அதில் சேரும். மருந்தால் வந்ததா இல்லையா என்று பார்ப்பது டாக்டர்களின் வேலை. குளியலறையில் வழுக்கி விழுந்தால்கூடச் சொல்லுங்கள். தலைசுற்றி விழுந்திருக்கலாம் அல்லவா? 'சீரியஸ் அட்வர்ஸ் ஈவென்ட்' என்பதில் வரும் 'சீரியஸ்' என்ற சொல்லும் வலியின் அளவைச் சொல்வதல்ல. வீட்டில் படுத்தே சமாளித்த கடும் தலைவலி அதில் வராது. ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகும்படி ஆனால் வந்துவிடும். அதை 24 மணி நேரத்துக்குள் டாக்டர் மேலே தெரிவிக்க வேண்டும் என்கின்றன மருந்து ஆய்வுகளுக்கான 2019ஆம் ஆண்டு விதிகள். நாம் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்!

அக்காவுக்கு இன்னொரு பயமும் இருந்தது. 'மூன்றாம் கட்ட ஆய்வு' என்று படித்துவிட்டு, தன் நோய் முற்றிவிட்டதாக நினைத்து இரவெல்லாம் தூங்கவில்லை. கட்டம் என்பது மருந்துக்கு, நோய்க்கு அல்ல. முதல் கட்டத்தில் சிலருக்கு மட்டும் கொடுத்துப் பார்த்த மருந்து, மூன்றாவதில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான பேருக்குப் போகிறது.

அப்புறம், 'டாக்டர் எனக்குப் பொருத்தமானதைத்தான் கொடுத்திருப்பார்' என்ற நம்பிக்கை. ரேண்டமைசேஷன் என்றால் குலுக்கல்: யார் எந்தக் குழு என்று டாக்டர் முடிவு செய்வதில்லை. டபுள் பிளைண்ட் ஆய்வாக இருந்தால், நம் கையில் இருப்பது புது மருந்தா, மருந்தே இல்லாத பிளசீபோவா என்பது அவருக்கும் தெரியாது. அதனால் ஆய்வை இலவச வைத்தியம் என்று எண்ணிச் சேராதீர்கள்.

'இந்த மருந்தால் ஆபத்து 50 சதவீதம் குறைந்தது' என்றால், எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று கேளுங்கள். நூறு பேரில் இருவருக்கு வந்தது ஒருவருக்கு எனக் குறைந்தாலும் அதே 50 சதவீதம்தான்.

சம்மதப் படிவம் கன்னடத்திலோ இங்கிலீஷிலோ வந்தால், தமிழில் கேட்கத் தயங்க வேண்டாம். நமக்குப் புரியும் மொழியில் விளக்குவது அவர்கள் கடமை. கையெழுத்துப் போட்ட பிறகும், காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். படிவத்தின் ஒரு பிரதி நம் கையில் இருக்க வேண்டும். ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் எத்திக்ஸ் கமிட்டியின் தொடர்பு எண் அதில்தான் இருக்கும். அக்காவின் பிரதி இப்போது ரேஷன் கார்டோடு ஒரே கவரில் இருக்கிறது.