டச்பே கரையில் படச்சட்டம் பழகுதல்

காலை ஆறு மணிக்குத் திருகோணமலையின் டச்பே கரையில் கமராவைத் தூக்கும் புதியவர்கள் பெரும்பாலும் எடுப்பது ஒரே படம்தான்: பாதி வானம், பாதி கடல், நடுவில் சூரியன். பார்ப்பவரின் கண் எங்கும் நிலைக்காது. எதற்காக எடுக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வானமா, மணலா, வலை இழுப்பவர்களா?

பிறகு செட்டிங்ஸில் கிரிட் கோடுகளைப் போடுங்கள். திரை ஒன்பது கட்டங்களாகப் பிரியும். முகிலில் நிறம் ஏறியிருந்தால் அடிவானத்தைக் கீழ்க்கோட்டில் வையுங்கள். வானம் வெறுமையென்றால் மேல்கோட்டுக்கு ஏற்றி, ஈரமணலுக்கு இடம் விடுங்கள். அடிவானம் சரியாமல் பாருங்கள். பிறகு நிமிர்த்தலாம்தான், ஆனால் நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும். கரையோரம் நிற்பவரின் பாதம் அதோடு போய்விடும்.

கரைவலை இழுப்பவர்களைப் பார்த்தால் அங்கேயே நில்லுங்கள். கோடுகளைப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. இழுப்பவர்களின் வரிசைக்குப் பின்னால், ஒரு பக்கமாக முழங்காலிட்டு, கயிறு படத்தின் கீழ்மூலையருகே தொடங்கிக் கடலை நோக்கி ஓடும்படி வையுங்கள். கயிறு நட்டநடுவில் எழுந்தால் படம் இரண்டாகப் பிளந்துபோகும். அது போய் முடியும் இடத்தில் ஒரு முகமோ வள்ளமோ இருக்க வேண்டும். இல்லையென்றால் கயிற்றோடு போன கண் வெறுங்கடலில் விடுபடும். கயிறு இறுகியிருக்கும், தாண்டாதீர்கள். முகம் தெரிய எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

அங்கிருந்தே வடக்கே, கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலைப் பாறை தெரியும். மிக அகல லென்ஸில் அது சிறு மேடாகச் சுருங்கிவிடும். போனில் 2 மடங்கு ஸூம், கமராவில் 50 மி.மீ. லென்ஸ் அல்லது அதற்கு மேல் வையுங்கள். காலை வெயில் வலப்பக்கமிருந்து சாய்வாக விழுவதால் பாறையின் வெடிப்புகள் எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் அது தட்டையாகிவிடும்.

அந்த மலைக்குப் போகும் வழியிலுள்ள பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களை நின்றபடி எடுத்தால் முதுகும் தரையும்தான் மிஞ்சும். குந்தி, கமராவை மானின் கண் உயரத்துக்கு இறக்குங்கள். அது பார்க்கும் பக்கம் கூடுதல் இடம் விடுங்கள். பின்னாலுள்ள மரக்கிளை கொம்போடு சேர்ந்து தெரிந்தால் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தாலே பிரிந்துவிடும். நடமாடும் மானுக்கு ஷட்டர் வேகத்தை 1/500 நொடியில் வையுங்கள்.

மாலையில் சூரியன் உள்துறைமுகத்துப் பக்கம் இறங்கும். நிழலுருவம் வேண்டுமானால் திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள். இருவர் நின்றால் அவர்களுக்கிடையே வானம் தெரிய வேண்டும். ஒட்டி நின்றால் ஒரே கரிய கட்டிதான்.

அழுத்துமுன் நான்கு ஓரங்களையும் கண்ணால் சுற்றி வாருங்கள். பாதி வெட்டுண்ட வள்ளம் இருந்தால் பின்னால் போய் முழுதாக உள்ளே எடுங்கள், அல்லது முன்னால் வந்து வெளியே தள்ளுங்கள்.