முதல் ஆர்.சி. விமானம்: கட்டுவதும் பறக்கவிடுவதும்

நான் முதலில் வாங்கிய ஆர்.சி. விமானம், அதாவது ரிமோட்டால் ஓட்டும் விமானம், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மாதிரி. பார்க்க அவ்வளவு அழகு. கையை விட்டுக் கிளம்பிய ஆறேழு விநாடியில் இடப்பக்கம் புரண்டு, பக்கத்துத் தோட்டத்து வேப்பமரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. விமானத்தின் மேல் தப்பு இல்லை. அந்த ரகம் வேகமாகப் போகும், வேகம் குறைந்தால் சட்டென்று விழும், சாய்ந்தால் தானாக நிமிராது. கற்றுக்கொள்கிறவருக்கு இந்த மூன்றுமே ஆகாது. அதனால் இங்கே அழகில்லாத, மெதுவான, சாய்ந்தால் தானே நிமிரப் பார்க்கிற ஒரு விமானத்தைத்தான் கட்டப் போகிறோம்.

1. உடம்பும் இறக்கையும்

5 மி.மீ. ஃபோம் போர்டு போதும். இறக்கை 1.2 மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலம். அதன் மேல்பக்கத்தில், முன்விளிம்பிலிருந்து 10 செ.மீ. அகலத்துக்கு இன்னொரு பட்டையை ஒட்டிவிடுங்கள். பாதியில் ஒரு படி மாதிரி தெரியும். க்ளைன்-ஃபோகிள்மன் வகை இறக்கை என்பார்கள். வளைத்து மடித்துக் கஷ்டப்படாமலே நன்றாகத் தூக்கும், விறைப்பாகவும் இருக்கும்.

உடம்பு 7 செ.மீ. சதுரப் பெட்டி, மொத்த நீளம் 90 செ.மீ. வால் பலகை 45 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம். இறக்கையை உடம்புக்கு மேலே வையுங்கள். ஆணி அடிக்காமல், ஒட்டாமல், ரப்பர் பேண்டால் கட்டுங்கள். விழும்போது இறக்கை கழன்று ஓடுவது உடைவதைவிட நல்லது.

முக்கியமான விஷயம் டைஹெட்ரல். இறக்கையின் இரண்டு பாதியும் நேர்கோட்டில் இருக்கக் கூடாது, நுனிகள் மேலே தூக்கி இருக்க வேண்டும். ஒரு பாதியை மேசையில் படுக்க வைத்தால் மறுபாதியின் நுனி மேசையிலிருந்து சுமார் 10 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து சறுக்கும்போது தாழ்ந்த இறக்கையில் காற்று கூடுதலான கோணத்தில் படும், அது மேலே தள்ளப்படும். இது இருந்தால் எய்லரான் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பட்டை) வேண்டாம். த்ராட்டில் (மோட்டார் வேகம்), எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்க வால் பலகையின் பின்னால் அசையும் பட்டை), ரட்டர் (இடம் வலம் திருப்ப வாலில் நிமிர்ந்து நின்று அசையும் பட்டை) மூன்றே போதும்.

ஒட்டுவதற்கு ஹாட் க்ளூ. ஃபெவிக்விக்கை ஃபோம் பக்கமே கொண்டுபோகாதீர்கள், கரைத்துத் தின்றுவிடும்.

2. மின்சாமான்

2212 ரக பிரஷ்லெஸ் மோட்டார், 1000 கே.வி. (22 என்பது உள்ளே இருக்கும் ஸ்டேட்டரின் விட்டம், 12 அதன் உயரம், இரண்டும் மில்லிமீட்டரில். கே.வி. என்பது சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற கணக்கு.) 10×4.5 ப்ரொப்பெல்லர் (விட்டம் 10 அங்குலம், பிட்ச் 4.5 அங்குலம்), 30 ஆம்பியர் இ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்), 9 கிராம் சர்வோ (எலிவேட்டரையும் ரட்டரையும் அசைக்கிற குட்டி மோட்டார்) இரண்டு, 3 செல் 2200 எம்.ஏ.எச். லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, அதற்கென்றே உள்ள, எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர். ரிமோட்டுக்கு ஃப்ளைஸ்கை ஐ6 போன்ற ஆறு சேனல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பெட்டி தாராளம். ப்ரொப்பெல்லரை மட்டும் ஒன்று வாங்காதீர்கள், அரை டஜன் வாங்குங்கள்.

ரிமோட்டில் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம். பொம்மைக் கடையில் விமானத்தோடு சேர்த்து விற்கிற ரிமோட் அடுத்த விமானத்துக்கு உதவாது. நல்ல ரிமோட் பத்து விமானங்களைப் பார்த்துவிடும். வாங்கும்போது மோட் 2 என்று கேளுங்கள். இடது குச்சியில் த்ராட்டில், வலது குச்சியில் எலிவேட்டர் இருக்கும். ரட்டர் சர்வோவை, விமானத்தில் இருக்கும் ரிசீவரில் (ரிமோட்டின் சிக்னலை வாங்கும் பெட்டி) எய்லரானுக்கான முதல் சேனலில் செருகிவிட்டால் திருப்புவதும் ஏற்றி இறக்குவதும் ஒரே கையில் வந்துவிடும். பின்னால் எய்லரான் விமானத்துக்குப் போகும்போது கை பழக்கம் மாறாது.

3. மேசையில் பார்க்க வேண்டியவை

முதலில் ப்ரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். மேசையில் திடீரென்று மோட்டார் சுழன்று விரலைப் பதம் பார்ப்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கும். ரிமோட்டை ஆன் செய்த பிறகுதான் பேட்டரியைச் செருக வேண்டும், முடிக்கும்போது பேட்டரியை எடுத்த பிறகுதான் ரிமோட்டை ஆஃப் செய்ய வேண்டும்.

மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் அதன் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகுங்கள், சரியாகிவிடும். ப்ரொப்பெல்லரில் எண் பொறித்த பக்கம் விமானம் போகிற திசையைப் பார்க்க வேண்டும். பின்பக்கமாக மாட்டிவிட்டு, “மோட்டாருக்குச் சக்தியே இல்லை” என்று புலம்பிய ஆளில் நானும் ஒருவன்.

பிறகு விமானத்தின் வாலுக்குப் பின்னால் நின்றுகொண்டு குச்சியை வலப்பக்கம் தள்ளுங்கள், ரட்டர் வலப்பக்கம் போக வேண்டும். குச்சியை உங்கள் பக்கம் இழுங்கள், எலிவேட்டர் மேலே மடங்க வேண்டும். இதை ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் பாருங்கள். எலிவேட்டர் மேலும் கீழும் ஒரு செ.மீ. அசைந்தால் போதும். ரட்டர் இரண்டு செ.மீ. வரை அசையலாம்.

4. எடை எங்கே நிற்கிறது

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மற்றதில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் விமானம் பறந்துவிடும். இறக்கையின் அகலத்தில், முன்விளிம்பிலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் எடை மையம் நிற்க வேண்டும். நம்முடைய 20 செ.மீ. இறக்கைக்கு அது 5 முதல் 6.5 செ.மீ. வரை. இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் 5.5 செ.மீ.யில் பேனாவால் புள்ளி வையுங்கள். பேட்டரியை ஏற்றி, அந்தப் புள்ளிகளில் இரண்டு ஆட்காட்டி விரலால் தூக்குங்கள். மூக்கு லேசாகக் கீழே சாய்ந்தபடி நிற்க வேண்டும்.

நிற்கவில்லை என்றால் பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அதனால்தான் பேட்டரி இடத்தை முதலிலேயே ஒட்டி முடிவு செய்யாமல் வெல்க்ரோ போடச் சொல்வார்கள். மூக்கு கனத்தால் விமானம் மந்தமாகப் போகும், சமாளிக்கலாம். வால் கனத்தால் எலிவேட்டரைத் தொட்டாலே மூக்கைத் தூக்கிக்கொண்டு குப்புற விழும். அதைப் பிடித்து நிறுத்த ஆரம்பக்காரர் கையால் ஆகாது.

5. ஒரு வாரம் கணினியில்

பிகாசிம் என்ற சிமுலேட்டர் இலவசம். ரிமோட்டை யு.எஸ்.பி. கேபிளால் இணைத்து அதே குச்சிகளால் பழகுங்கள். விமானம் உங்களை விட்டு விலகிப் போகும்போது எல்லாம் சுலபம். உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும், மூளை குழம்பும். ஒரு தந்திரம் உண்டு: விமானம் எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி. யோசிக்காமல் கை அப்படிப் போகும் வரை வெளியே கிளம்ப வேண்டாம்.

6. இடமும் நேரமும்

அறுவடை முடிந்து தாள் நிற்கிற வயல், வறண்ட ஏரி, ஆள் வராத பெரிய மைதானம். மின்கம்பி, சாலை, வீடு பக்கத்தில் இருக்கக் கூடாது. சீமைக்கருவேலம் மண்டிய இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே விழுந்தால் விமானம் கிடைத்தாலும் சட்டை மிஞ்சாது.

2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் இந்த மாதிரி விமானங்களுக்கும் பொருந்தும். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் ஓட்ட வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில் உங்கள் இடம் பச்சை மண்டலமா (முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடலாம் என்ற பகுதியா) என்று பாருங்கள். அங்கே உச்சவரம்பு 400 அடி. விமான நிலையங்களைச் சுற்றி மட்டுமல்ல, தாம்பரம், சூலூர், அரக்கோணம், தஞ்சாவூர் போன்ற படைத்தளப் பக்கத்து ஊர்க்காரர்களும் வரைபடத்தைப் பார்க்காமல் பேட்டரியைச் செருகக் கூடாது.

நேரம் என்றால் விடிந்த பின் ஒன்றரை மணி நேரம். பட்டம் விட ஏற்ற காற்று நமக்கு ஆகவே ஆகாது. ஆடி மாதத்தில் தொடங்க நினைக்கிறவர்கள் ஆவணி வரை சிமுலேட்டரிலேயே இருங்கள்.

7. முதல் பறப்பு

பழகியவர் யாராவது பக்கத்தில் இருந்தால் முதல் தடவை ரிமோட் அவர் கையில் இருக்கட்டும். இல்லையென்றால் விமானத்தை எறியவாவது ஒரு நண்பர் வேண்டும். காற்றுக்கு எதிராக நில்லுங்கள். த்ராட்டில் முக்கால் பங்கு. நண்பர் அதை ஈட்டி மாதிரி நேராக, தரைக்குச் சமமாக எறிய வேண்டும். மேல் நோக்கி எறிந்தால் வேகம் செத்துவிடும்.

கிளம்பியதும் எதையும் திருப்பாதீர்கள். மெதுவாக இரண்டு பனை உயரத்துக்கு ஏறட்டும். அந்த உயரம் இருந்தால் தப்பு செய்துவிட்டுத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். பிறகு த்ராட்டிலைப் பாதியாகக் குறைத்து, குச்சியைத் துளித் துளியாகத் தட்டி அகலமான வட்டம் போடுங்கள். விடாமல் ஒரு பக்கம் இழுத்தால் ரிமோட்டில் குச்சிக்குப் பக்கத்தில் உள்ள, நடுநிலையைச் சரிசெய்யும் டிரிம் பட்டனை எதிர்ப்பக்கம் இரண்டு மூன்று தட்டு தட்டுங்கள்.

பயம் வந்தால் எல்லோர் கையும் எலிவேட்டரைத்தான் இழுக்கும். அங்கேதான் வினை. வேகம் குறைந்திருக்கும்போது இழுத்தால் இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் விமானம் பொத்தென்று விழும். இதுதான் ஸ்டால். கையை விடுங்கள், மூக்கு தாழட்டும், வேகம் வந்ததும் மெல்ல நிமிர்த்துங்கள். சரி, அப்படியும் விழுகிறது என்றால், தரை தொடுவதற்கு முன் த்ராட்டிலையாவது பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். மோட்டார் பிழைக்கும்.

ஏழாவது நிமிடத்தில் இறக்க ஆரம்பியுங்கள். ரிமோட்டில் டைமர் வைத்துக்கொள்ளலாம். காற்றுக்கு எதிராகத் திருப்பி, த்ராட்டிலை முழுக்கக் குறைத்துச் சறுக்க விடுங்கள். முழங்கால் உயரத்தில் எலிவேட்டரைக் கொஞ்சமே கொஞ்சம் இழுத்தால் வயிற்றால் தேய்ந்து நிற்கும். உங்களிடமிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி இறங்கினாலும் பரவாயில்லை, காலடியில் இறக்க வேண்டும் என்று வளைக்காதீர்கள்.

8. வீட்டுக்கு வந்ததும்

லைப்போ செல் ஒன்று முழுசாக 4.2 வோல்ட். 3.5க்குக் கீழே இறங்க விடக் கூடாது. அடுத்த ஞாயிறு வரை சும்மா இருக்கப்போகிறது என்றால் 3.8 வோல்ட்டில் வையுங்கள், சார்ஜரிலேயே ஸ்டோரேஜ் என்று இருக்கும். சார்ஜ் போட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள், படுக்கையறையிலும் போடாதீர்கள். நான் மாடியில் மணல் போட்ட மண்சட்டியில் வைத்துத்தான் போடுகிறேன். விழுந்ததில் பேட்டரி உப்பியிருந்தால் அது எவ்வளவு புதுசாக இருந்தாலும் சரி, மறுபடி சார்ஜரில் மாட்ட வேண்டாம்.