கலைக்கூடம் போய் வந்த பிறகு: பார்த்த சிலையையும் ஓவியத்தையும் படிப்பது எப்படி?

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போய் வரும் மாணவர்களின் கைபேசியில் படங்கள் நிறைய இருக்கும். மறுநாள், "அந்தச் சிலையின் இடது கை எங்கே இருந்தது?" என்று கேட்டால் பதில் வராது. அதனால் முதல் நாள் அந்தப் படங்களைத் திறக்கவே வேண்டாம்.

பயிற்சிக்கு ஒரே ஒரு சிலை போதும். நான் எடுத்துக்கொள்வது அங்குள்ள ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன். திருவெண்காட்டில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த செப்புத் திருமேனி; 1011-ல், ராஜராஜ சோழன் காலத்தில் செய்தது. ஏறக்குறைய 3.5 அடி உயரம். பாம்புகளோடு சுற்றிக் கட்டிய சடைமுடி, தலைப்பாகை மாதிரியே இருக்கும். அவர் சாய்ந்து நின்ற காளை இன்று இல்லை. வலது கை மட்டும் மடங்கி, காற்றில் ஊன்றி நிற்கிறது.

படி 1: அன்று மாலையே, நினைவிலிருந்து

10 நிமிடம், ஒரு பென்சில், ரப்பர் கூடாது. முகத்தை விடுங்கள். தலை, தோள், இடுப்பு, பாதம் இவை எந்தப் பக்கம் சாய்கின்றன என்று கோடுகளாக மட்டும் போடுங்கள். நினைவில் இல்லாத இடத்தை வெற்றாகவே விடுங்கள். மறுபடி பார்க்கவேண்டிய இடம் அதுதான்.

படி 2: மறுநாள், நீங்களே நின்று பாருங்கள்

இதைத் தவிர்த்துவிடாதீர்கள். இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே உள்ள ஒரு மேசையில் வலது முழங்கையை ஊன்றுங்கள். இடது கையை இடுப்பில் வைத்து, கால்களைக் குறுக்கே போட்டு நில்லுங்கள். எந்தத் தோள் ஏறுகிறது, இடுப்பு எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது உடம்புக்கே தெரிந்துவிடும். சரி, இப்போது புகைப்படத்தைத் திறந்து உங்கள் கோடுகளைத் திருத்துங்கள்.

படி 3: களிமண்

20 செ.மீ. உயரத்துக்குக் கம்பியை வளைத்து, அந்தச் சாய்வைக் கம்பியிலேயே கொண்டுவாருங்கள். கம்பி நேராக நின்றால் மேலே எவ்வளவு மண் அப்பினாலும் உருவம் விறைப்பாகவே இருக்கும். அப்புறம் சிறு உருண்டைகளாக மண்ணை வைத்து ஒட்டுங்கள், செதுக்க வேண்டாம். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் முதலில் மெழுகில் பிறந்தவை. மெழுகு உருவத்தைச் சுற்றி மண் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கி ஊற்றினார்கள். கல்லில் உளி குறைத்துக்கொண்டே போகும். இங்கே விரல் கூட்டிக்கொண்டே போகிறது. தோள்பட்டையின் வழவழப்பு உங்கள் கட்டைவிரலுக்குக் கீழே வரும்போது அது புரியும்.

மண் மெதுவாக இறுகட்டும். ஈரத்துணி போட்டு மூடிவிடுங்கள்.

படி 4: ஓவியம்

தஞ்சாவூர் ஓவியத்தில் நகையும் மண்டபத் தூணும் மேடாகத் தெரிவது நிழல் தீட்டியதால் அல்ல. சுண்ணப்பொடியும் பசையும் குழைத்து உண்மையிலேயே மேடாக்கி, மேலே தங்க ரேக் (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டுகிறார்கள். சாக்பீஸ் பொடியைப் பசையில் தோசை மாவு பதத்துக்குக் குழைத்து, ஒரு அட்டையில் நான்கைந்து புள்ளிகள் வையுங்கள். காய்ந்ததும் மேலே இன்னொரு பூச்சு. பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள், ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிழல் விழும். மஞ்சள் வண்ணம் பூசியபின் மறுபடி பாருங்கள்.

படி 5: காளை

துணியை எடுங்கள். உங்கள் களிமண் ரிஷபவாகனரின் முழங்கை எந்த உயரத்தில் நிற்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து, அந்த அளவுக்குக் காளையின் முதுகைப் பிசையுங்கள். அதைக் கையின் கீழே தள்ளி வைக்கும்போது முழங்கை சரியாக அமர்ந்தால், உங்கள் சாய்வு சரி. இடைவெளி விழுந்தால் படி 2-க்குப் போய் மறுபடி நின்று பாருங்கள்.