மேக்குக்கு வைரஸ் வராதா? அரை மணி நேரத்தில் செய்ய வேண்டிய வேலை

“மேக் வாங்கிவிட்டேன், இனி வைரஸ் கவலை இல்லை” என்று சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். இந்த நம்பிக்கையை வளர்த்ததில் ஆப்பிளுக்கும் பங்குண்டு. பிசி வைரஸ்கள் மேக்குக்கு வராது என்ற விளம்பர வரி அதன் இணையதளத்திலேயே இருந்தது. வரி பொய்யில்லை. விண்டோஸுக்காக எழுதிய வைரஸ் மேக்கில் ஓடாதுதான். மேக்குக்கென்றே எழுதியது ஓடும். 2012-இல் ஃப்ளாஷ்பேக் என்ற தீநிரல் (கேடு செய்யும் நிரல்) 6 லட்சத்துக்கும் அதிகமான மேக்குகளில் புகுந்தது. அதே ஆண்டில் அந்த வரியும் சத்தமில்லாமல் மாறிவிட்டது. 2009 முதல் எக்ஸ்புரொடெக்ட் என்ற தடுப்பானை ஆப்பிளே மேக்குக்குள் வைத்து அனுப்புகிறது. வைரஸே வராத கணினிக்கு அது எதற்கு?

இனி வேலைக்கு வருவோம். இங்கே சொல்லும் பெயர்கள் அண்மைய மேக் ஓஎஸ் பதிப்புகளில் உள்ளவை. பழைய பதிப்பில் இடம் சற்று மாறியிருக்கலாம்.

படி 1: அப்டேட்

சிஸ்டம் செட்டிங்ஸ் > ஜெனரல் > சாஃப்ட்வேர் அப்டேட் பக்கத்துக்குப் போங்கள். தானியங்கி அப்டேட்டுக்கு அருகிலுள்ள சிறிய வட்டக் குறியை அழுத்தி, உள்ளே இருப்பவற்றை எல்லாம் இயக்கிவிடுங்கள். “நாளைக்குப் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுபவர்கள் ஃப்ளாஷ்பேக்கின் கதையைக் கேளுங்கள். அது நுழைந்தது ஜாவா என்ற மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டை வழியாக. ஜாவாவின் உரிமையாளரான ஆரக்கிள் நிறுவனம் அதை பிப்ரவரியிலேயே அடைத்துவிட்டது. மேக்குக்கான திருத்தத்தை ஆப்பிள் வெளியிட்டது ஏப்ரலில். இடைப்பட்ட நாட்களே அதற்குப் போதுமாக இருந்தன.

படி 2: எங்கிருந்து வரும் செயலியை அனுமதிப்பது?

பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பக்கத்தின் கீழ்ப்பகுதியில் இது இருக்கிறது. ஆப் ஸ்டோர் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தால் நல்லது. வெளியிலிருந்தும் செயலிகள் தேவைப்பட்டால், அறியப்பட்ட உருவாக்குநர்கள் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அதையே முழுக் காவலாக நம்பிவிடாதீர்கள். 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் செயலியின் அதிகாரபூர்வத் தளத்திலேயே கீரேஞ்சர் என்ற பணம் பறிக்கும் தீநிரலைச் செயலியோடு ஒட்டிவைத்துவிட்டார்கள். முறையான சான்றிதழோடு வந்ததால் மேக் அதைத் தடுக்கவில்லை. 3 நாள் சும்மா இருந்துவிட்டு, கோப்புகளைப் பூட்டி 1 பிட்காயின் கேட்டது.

படி 3: கடவுச்சொல் கேட்கும் பெட்டி

என்னைக் கேட்டால், மற்ற படிகளை விட்டாலும் இதை விடக்கூடாது. இன்றைய தீநிரல்களில் பல பூட்டை உடைப்பதில்லை. சாவியை உங்களிடமே கேட்டு வாங்கிக்கொள்கின்றன. ஏதோ ஒரு தளம் “நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்” என்று கூறி, ஒரு வரியை நகலெடுத்து டெர்மினலில் (மேக்குக்கு எழுத்தில் கட்டளை கொடுக்கும் செயலி) ஒட்டச் சொல்லும். ஒட்டினால் கடவுச்சொல் கேட்கும் பெட்டி வரும். ஆப்பிளின் பெட்டி போலவே இருக்கும். அதில் தட்டச்சு செய்ததும் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் களவு போய்விடும். எனவே புரியாத எந்த வரியையும் டெர்மினலில் ஒட்டாதீர்கள். நீங்களாக எதையும் நிறுவாத நேரத்தில் கடவுச்சொல் கேட்டால், கேன்சலை அழுத்துங்கள்.

படி 4: வேண்டாத விருந்தாளிகள்

ஜெனரல் பகுதியில் லாகின் ஐட்டம்ஸ் பட்டியலைத் திறந்து, கணினியோடு சேர்ந்து தானாக இயங்குபவை எவை என்று பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் இணையத்தில் தேடிப் பார்த்து, தேவையற்றது என்றால் நிறுத்துங்கள். அலுவலகம் கொடுத்த மேக் என்றால் கை வைக்காதீர்கள்.

படி 5: டைம் மெஷின்

மேக்கிலேயே உள்ள இந்த நகலெடுப்புச் செயலியைக் கொண்டு, வெளி டிஸ்க் ஒன்றில் உங்கள் கோப்புகளை நகல் எடுங்கள். எடுத்து முடிந்ததும் டிஸ்க்கை முறைப்படி எஜெக்ட் செய்து கழற்றி வையுங்கள். கீரேஞ்சரின் நிரலை ஆராய்ந்தவர்கள், டைம் மெஷின் நகலையும் பூட்டுவதற்கான அரைகுறை முயற்சி அதற்குள் இருந்ததைக் கண்டார்கள். அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை அப்படிப் பூட்ட முடியாது.